ரயர் அண்ணை போட்ட ஆமா

'இல்லை' என்ற சொல்லை ரயர் அண்ணையைவிட அதிகமாகப் பாவித்த மனிதர் ஸ்காபரோவில் இன்னும் பிறக்கவில்லை. பிறந்துவிட்டார் என்று யாராவது அவரிடம் போய்ச் சொல்லியிருந்தால் அதற்கும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பார்.

மில்லிக்கன் பக்கம், ஒரு பிளாசாவின் பின்புறத்தில் அவருடைய கடை. முன்பக்கத்தில் புடைவைக் கடை, நகைக் கடை, கொத்துரொட்டிக் கடை என்று வெளிச்சமாக இருக்கும். பின்பக்கத்தில், குப்பைத் தொட்டிகளைப் பார்த்தபடி ரயர் அண்ணை. கூரை முட்டக் கார் ரயர் அடுக்கியிருக்கும். அதன் நடுவில் நிற்கிறவரிடம் போய், "அண்ணை, ரயர் இருக்கோ?" என்று கேட்டால் தலையை நிமிர்த்தாமலே "இல்லை" என்பார். புதிதாக வந்தவர்கள் நம்பித் திரும்பிப் போய்விடுவார்கள். பழகியவர்கள் அசையாமல் நிற்போம். கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, பொருத்தமான ரயரை அவரே உருட்டிக்கொண்டு வருவார். ரெலிபோனை எடுத்தாலும் ஹலோ கிடையாது. "இல்லை" என்றுதான் தொடங்குவார். யார், என்ன என்று தெரிவதற்கு முன்பே மறுத்துவிட்டால் பிறகு கரைச்சல் இல்லைத்தானே.

நான் கார் ஓட்டப் பழக்குகிறவன். ஸ்காபரோவில் அரைவாசிச் சனத்துக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான் என்று பெருமையடித்துக்கொள்வது என் வழக்கம். மற்ற அரைவாசி என்னிடம் வராமல் போனதுதான் இந்த நகரத்து விபத்துகளுக்கெல்லாம் காரணம். ஆனால் என் மாணவர்களுக்கு நடைபாதையின் விளிம்பைக் கண்டால் ஒரு தனிப் பாசம். ஏற்றிப் பார்க்காமல் விடமாட்டார்கள். அதனால் ரயர் அண்ணையின் கடையில் எனக்கென்றே ஒரு பிளாஸ்ரிக் கதிரை இருந்தது.

"அண்ணை, இண்டைக்குச் சரியான குளிர்."

"இல்லை" என்பார், விரல்களை ஊதிக்கொண்டே.

"இவ்வளவு காலம் பழகிறம். உங்கடை சொந்தப் பேர் என்ன அண்ணை?"

"இல்லை."

இது பதிலே அல்ல என்று நான் வாதாடினேன். அதற்கும் அதே பதில்தான் கிடைத்தது. ஒருமுறை புடைவைக் கடைக்காரர் தன் மகளின் கலியாணத்துக்கு வரச்சொல்லிக் கேட்டார். "இல்லை" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். புடைவைக் கடைக்காரர் மனம் நொந்து போனார். கலியாணத்தன்று பார்த்தால், கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு மண்டப வாசலில் எல்லோருக்கும் முன்பே வந்து நிற்கிறார் ரயர் அண்ணை. இரண்டாம் பந்தியிலும் சாப்பிட்டார்.

ஆகவே அவருடைய இல்லைக்குப் பெரும்பாலும் அர்த்தம் கிடையாது. சிலர் பேச்சைத் தொடங்க முன் இருமுவார்கள், இவர் இல்லை என்பார், அவ்வளவுதான். ஆனால் ஒரேயொரு இல்லைக்கு மட்டும் அர்த்தம் இருந்தது. அது அவருடைய அண்ணிக்குச் சொல்வது.

அண்ணி மிசிசாகாவில் இருந்தார். அங்கே குடிபோக முன் அவருக்குக் கார் ஓட்டப் பழக்கியதும் நான்தான். ஹைவேயில் மெதுவாகப் போகிறவர்களுக்கான வலப்பக்க லேனை விட்டு வாழ்நாளில் நகர்ந்தது கிடையாது. லொறிகள் எல்லாம் கோபித்துக்கொண்டு முந்திப் போகும், அவர் பாட்டுக்கு வருவார். ஒவ்வொரு வருடமும் இலை உதிர்கிற காலத்தில் சாப்பாட்டுக் கரியரோடு வந்து, என்னுடைய கதிரையில் உட்கார்ந்து கேட்பார்.

"தம்பி, இந்த வருசமாவது கொண்ணைக்குத் திவசம் செய்வமோ?"

"இல்லை."

அண்ணி கதிரையை விட்டு எழும்புவார். கரியரை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ரயர் அண்ணையின் தமையன், அதாவது அண்ணியின் மனுசன், சண்டைக் காலத்தில் ஊரில் சைக்கிளில் போனவர். சோதனைச் சாவடியில் இறக்கினார்கள் என்று கண்டவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் யாரும் இல்லை. காலம் போகப் போகச் சொந்தக்காரர் எல்லோரும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். இவர் ஒருவர்தான் மாட்டேன் என்று நின்றவர். திவசம் செய்தால் செத்தது என்று ஆகிவிடும் என்பது அவர் கட்சி.

கார் பழகிய காலத்தில், ஒரு சிவப்பு விளக்கில் நிற்கும்போது அண்ணி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவர் வருவார் எண்டு இவன் நிக்கிறான். நான் அழுதா இவனுக்குத் துரோகம் செய்த மாதிரி. அழாமல் இருந்தா அவருக்கு. எனக்கு ஒருக்கா அழவேணும், தம்பி. ஆனா தனிய அழ ஏலாது. இவனும் பக்கத்திலை இருக்கவேணும்." விளக்குப் பச்சையாகி, பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டான். அன்றைக்கு நான் "போங்கோ, போங்கோ" என்று சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ரயர் கடைக்குப் பக்கத்துக் கடையில் பிரேசில்காரி ஒருத்தி குடிவந்தாள்.

முதல் நாளே புடைவைக் கடைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். "பின்னாலை அடிபடுகினம். ஒருத்தன் தலைகீழா நிக்கிறான். பத்தாததுக்கு மேளமும் அடிக்கினம்." ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆட்கள் வட்டமாக நின்று கைதட்டிப் பாட, நடுவில் இரண்டு பேர். ஒருவரின் கால் மற்றவரின் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் சுழன்று போகிறது. மூக்குக்காரர் குனிந்து எழும்பிச் சிரிக்கிறார். அடி விழவே இல்லை. அதன் பெயர் கப்போய்ரா என்றார்கள். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிரேசிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும் வளர்த்த கலை. சண்டையை ஆட்டத்துக்குள் ஒளித்து வைத்தார்கள். ஆட்டத்தைப் பாட்டுக்குள் வைத்தார்கள். எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகம், எப்போது நிறுத்துவது எல்லாவற்றையும் தட்டி வாசிக்கிற ஒரு வில்தான் சொல்லும்.

அந்த வில்லுக்காக அவள் ரயர் அண்ணையிடம் வந்தாள். ஆள் சின்ன உருவம். மாணவர்கள் 'மெஸ்த்ரா' என்று கூப்பிட்டார்கள். ஆசிரியை என்று அர்த்தமாம். தேய்ந்த ரயர் ஒன்று கிடைக்குமா என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"இல்லை" என்றார் அண்ணை, தேய்ந்த ரயர்க் குவியலில் சாய்ந்து நின்றபடி.

மெஸ்த்ரா குவியலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவளே ஒன்றை இழுத்து எடுத்து, இடுப்பிலிருந்த கத்தியால் விளிம்பை அறுத்து, உள்ளே இருந்து ஒரு கம்பியை உருவி எடுத்தாள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கையோடு கொண்டுவந்த நீளத் தடியை வளைத்து இரண்டு நுனியிலும் இழுத்துக் கட்டினாள். அடியில் ஒரு காய்ந்த சுரைக்குடுவையை மாட்டி, குச்சியால் கம்பியில் தட்டினாள். கடை முழுக்க ஒரு நாதம் பரவியது.

ரயர் அண்ணை அங்கேயே ஒரு ரயரின் மேல் குந்திவிட்டார். எத்தனையோ வருடமாக ரயரோடு கிடந்த மனிதர். அதற்குள் பாட்டு இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் வாயைத் திறந்தபோது நான் வழக்கமானதைத்தான் எதிர்பார்த்தேன்.

"மணி எங்கை?" என்று கேட்டார். "வில்லுக்கு மணி எங்கை? குடம் எங்கை?"

எனக்குச் சட்டென்று விளங்கியது. "அண்ணை, நீங்கள் வில்லுப்பாட்டோ?"

"இல்லை" என்றார். பிறகு, "என்ரை அண்ணை வில்லு. நான் ஆமா" என்றார்.

வில்லுப்பாட்டுத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நடுவில் இருக்கிறவர் வில்லைத் தட்டிக் கதையைப் பாட்டும் பேச்சுமாகச் சொல்லுவார். பக்கத்தில் இருக்கிறவர் ஒவ்வொரு வரிக்கும் "ஆமா" போடவேண்டும். வீட்டில் ஓம் என்கிற யாழ்ப்பாணத்தான்கூட வில்லுப்பாட்டு மேடையில் ஏறினால் ஆமா என்றுதான் சொல்லுவான். ஊர்க் கோயில் திருவிழாக்களில் தமையனுக்குப் பக்கத்தில் இருந்து ரயர் அண்ணை போட்ட ஆமா பக்கத்துக் கிராமத்துக்குக் கேட்குமாம். இளமை முழுக்க ஆமா போட்டே வளர்ந்த மனிதர் இங்கே வந்து எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறார். ஆமா போடுவதற்கு இருந்த ஒருவரும் போய்விட்டார், மிச்ச ஆட்களுக்கு இல்லையே போதும் என்று நினைத்தாரோ என்னவோ. இது என் கணிப்பு. அவரைக் கேட்டால் என்ன சொல்லுவார் என்று உங்களுக்கே தெரியும்.

அதன் பிறகு பிற்பகல்களில் கடையைப் பாதி பூட்டிவிட்டுப் பக்கத்துக் கடையில் போய் உட்காரத் தொடங்கினார். முதல் நாள் வாசலில் மெஸ்த்ரா அவருடைய காலைக் காட்டி, "சப்பாத்து" என்றாள். கழற்று என்று கை காட்டினாள். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"உவ தமிழ் கதைக்கிறா."

பிறகு இரண்டு பேருக்கும் அதுவே விளையாட்டாகிவிட்டது. அவர் மேசையைத் தொட்டு மேசை என்பார். அவளும் ஏறக்குறைய அதையே சொல்லுவாள். ஜன்னல், அலுமாரி, துடைக்கிற துவாய், தின்கிற பாண் எல்லாம் அப்படித்தான். அவளுடைய முன்னோர்களைச் சங்கிலியில் கட்டிக் கொண்டுபோன போர்த்துக்கீசரும், எங்கள் ஊரைப் பிடித்துக் கோட்டை கட்டிய போர்த்துக்கீசரும் ஒரே ஆட்கள்தானே. வீட்டுச் சாமான்களின் பெயர்களை இரண்டு இடத்திலும் விட்டுப் போயிருக்கிறார்கள். நான் இதைப் பெரிய கண்டுபிடிப்புப் போல விளக்கினேன். அண்ணை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பாணையும் சப்பாத்தையும் விட்டிட்டுப் போனவங்கள். ஆக்களைத் திருப்பித் தரேல்லை."

இன்னொரு நாள் மெஸ்த்ரா குதிரை ஓடுகிற மாதிரி ஒரு தாளத்தைத் தட்டிக் காட்டினாள். அந்தக் காலத்தில் கப்போய்ரா ஆடினாலே பிடித்துக்கொண்டு போவார்களாம். குதிரைப் பொலிஸ் வருகிறது, கலைந்து போங்கள் என்று சொல்லும் தாளம் அது. நான் மொழிபெயர்த்தேன். "எங்கடை ஊரிலை ஆமி வரேக்கை அந்த வேலையை நாய்தான் குலைச்சுப் பார்த்தது" என்றார் அண்ணை. நான் அதையும் மொழிபெயர்க்க, அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

சங்கடம் வந்தது முதல் வட்டத்தில். வட்டம் தொடங்கும்போது மெஸ்த்ரா வில்லோடு தனியாக ஒரு பாட்டுப் பாடுவாள். அது முடியும்வரை மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, ஆட்டக்காரர் இரண்டு பேரும் வில்லின் காலடியில் குந்தியிருக்க வேண்டும். அதுதான் அவர்கள் முறை. அன்றைக்கு ஆட்டக்காரர்கள் குந்திவிட்டார்கள். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள். மெஸ்த்ரா கண்ணை மூடி முதல் வரியைப் பாடி முடித்தாள்.

"ஆமா" என்று ஒரு சத்தம்.

குந்தியிருந்தவர்களில் ஒருவர் சரிந்து விழுந்தார். ஸ்காபரோவிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளை ஒருத்தி கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தாள். "அங்கிள், நொற் நவ். இது மெஸ்த்ரா தனியப் பாடுற பாட்டு. எல்லாரும் சைலன்றா இருக்கோணும். கோரஸ் பிறகுதான்."

"ஒரு ஆள் பாடேக்கை மற்றவை வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறதோ?" என்றார் அண்ணை. "அவ தனிய நிக்கிறா, பாவம்."

மெஸ்த்ரா பாட்டை நிறுத்தி என்ன என்று கேட்டாள். அந்தப் பிள்ளை சொன்னாள். மெஸ்த்ரா வில்லைத் திரும்ப நிமிர்த்திப் பிடித்தாள். பிறகு பாட்டை முதலிலிருந்து தொடங்கினாள். முதல் வரி முடிந்ததும் நிறுத்தி அண்ணையைப் பார்த்தாள். அண்ணை ஆமா போட்டார். அன்று முதல் அந்த வட்டத்தில் தனிப்பாட்டு நேரம் எல்லோருக்கும் மௌனம், ரயர் அண்ணைக்கு மட்டும் ஆமா.

"அவ என்ன பாடுறா எண்டே உங்களுக்குத் தெரியாது. என்னண்டு ஆமா போடுறியள்?" என்று கேட்டேன்.

"விளங்கினாப் பிறகுதான் ஆமா போடுறதெண்டா உலகத்திலை ஒருத்தரும் பாடேலாது" என்றார்.

அங்கே சேருகிறவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். பொலிஸுக்குச் சொந்தப் பெயர் தெரியக்கூடாது என்று தொடங்கிய வழக்கம். இவருடைய சொந்தப் பெயர் என்ன என்று மெஸ்த்ரா கேட்டாள். பிளாசாவில் யாருக்கும் தெரியாது. அப்படியென்றால் இவர் ஏற்கெனவே எங்கள் ஆள்தான் என்று சொல்லி, 'சிம்' என்று பெயர் வைத்தாள். அவர்கள் மொழியில் 'ஓம்' என்று அர்த்தம்.

"இல்லை" என்றார் ரயர் அண்ணை. வட்டம் முழுக்கக் கைதட்டியது.

அந்த இலையுதிர் காலத்தில் பிரேசிலிலிருந்து செய்தி வந்தது. மெஸ்த்ராவுக்குக் கற்றுக்கொடுத்த கிழவர் செத்துப்போனார். அவளால் போக முடியவில்லை. ஞாயிறு பின்னேரம் அவருக்காக ஒரு வட்டம் வைத்தாள். அண்ணை குவியல் முழுவதையும் புரட்டி, தட்டித் தட்டிப் பார்த்து ஒரு ரயரை எடுத்து, தானே கம்பி உருவிக் கொடுத்தார். கடையை முழுதாகப் பூட்டினார். அதற்கு முன் நான் அந்தக் கதவைப் பகலில் பூட்டிக் கண்டதில்லை.

அதே ஞாயிறுதான் அண்ணியும் மிசிசாகாவிலிருந்து வந்திருக்கிறார். வழக்கமான கேள்வியோடும் கரியரோடும் வந்தவர் கடை பூட்டியிருப்பதைக் கண்டு திரும்பப் போயிருப்பார். ஆனால் பக்கத்துக் கடையிலிருந்து ஆமா என்று ஒரு குரல் கேட்டிருக்கிறது. ஊரை விட்டு வந்த பிறகு அவர் கேட்காத குரல். நான் கதவோரம் கைதட்டிக்கொண்டு நின்றேன். அண்ணி கதவைத் திறந்து, யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

தனிப்பாட்டு முடிந்தது. அடுத்தது வாழ்த்து. என் ஆசான் வாழ்க என்று மெஸ்த்ரா பாட, எல்லோரும் வாழ்க என்றார்கள். செத்தவரையும் வாழ்க என்றுதான் சொல்வார்களாம். பிறகு வேறு சிலரும் ஒவ்வொருவராக வில்லின் முன் வந்து தங்களுடைய ஆட்களை நினைத்துப் பாடினார்கள். அண்ணி கரியரை என் கையில் தந்துவிட்டு வட்டத்துக்குள் போனார். மெஸ்த்ரா இடம் விட்டாள். வில் மெதுவாக ஒலித்துக்கொண்டிருந்தது.

அண்ணி பாடவில்லை. மேடையில் அவருடைய மனுசன் கதை சொல்லுகிற அந்த இழுவையில் சொல்லத் தொடங்கினார்.

"கேளும் தம்பி."

"ஆமா" என்றார் ரயர் அண்ணை, தன்னையறியாமல்.

"எங்கடை வீட்டிலை ஒரு வில்லுப்பாட்டுக்காரர் இருந்தார்."

"ஆமா."

"வீட்டிலை விடிய விடிய இருமுவார். மேடையிலை ஏறினா ஒரு இருமல் வராது."

"ஆமா." சிரிப்பு வந்தது அவருக்கு.

"ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் படலையிலை பார்த்துக்கொண்டு நிண்டம்."

"ஆமா."

"அவர் இனி வரமாட்டார், தம்பி."

அண்ணை வாயைத் திறந்தார். இல்லை வரப்போகிறது என்று நினைத்து நான் கரியரை இறுக்கிப் பிடித்தேன். மெஸ்த்ராவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இங்கே ஒரு பதில் வரவேண்டும் என்பது தெரியும். அவள் அவசரப்படுத்தவில்லை. ஒரே அடியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டு நின்றாள். வட்டத்தின் நடுவில் அண்ணி தனியாக நின்றார்.

"ஆமா" என்றார் ரயர் அண்ணை.

அப்படி ஒரு மெல்லிய ஆமாவை அவர் எந்த மேடையிலும் போட்டிருக்கமாட்டார். ஆனால் வட்டத்தில் நின்றவர்கள் கோரஸ் பழகியவர்கள். ஒருவர் பதிலை எடுத்தால் எல்லோரும் சேர்ந்து பாடவேண்டும் என்பது அவர்கள் கற்ற பாடம். பிரேசில்காரர், ஜமேக்காக்காரர், சீனர், எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் "ஆமா" என்றார்கள். அண்ணி அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார். ரயர் அண்ணை எழும்பிப் போய்ப் பக்கத்தில் இருந்தார். அவரும் அழுதார். வில் நிற்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது, அதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

அந்த வருடம் மிசிசாகாவில் திவசம் நடந்தது. ஐயர் வந்து, "தொடங்குவமோ?" என்று கேட்க, "இல்லை" என்று சொல்லிக்கொண்டே ரயர் அண்ணை போய்த் தர்ப்பை வாங்க உட்கார்ந்தார். ஐயர் பயந்துபோனார். நான்தான் விளக்கம் சொல்லிச் சமாளித்தேன்.

அந்தப் பிளாசா இப்போது இல்லை. உயர உயரக் கட்டடம் எழுப்புகிறார்கள். மெஸ்த்ரா நகரத்தின் மறுபக்கம் போய்விட்டாள். தனிப்பாட்டில் இன்னும் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் இடைவெளி விடுகிறாளாம். ரயர் அண்ணை அண்ணியின் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோய்விட்டார். என் மாணவர்கள் ஏற்றும் ரயர்களை இப்போது யார் யாரோ மாற்றுகிறார்கள். "குட் மோர்னிங், ஓம் இருக்கு, இப்பவே செய்து தாறம்" என்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் நம்பிக்கையே வருவதில்லை.

போன கிழமை முதல் பனி விழுந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவர் ஒன்றும் பேசவில்லை. அவருக்கு வயது போய்விட்டது, குரலும் முகமும் நினைவில் நிற்பதில்லை என்று அண்ணி சொல்லியிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அண்ணை, நான்தான். கார் பழக்கிறவன். என்னை மறந்திட்டியளோ?"

"இல்லை" என்றார்.